கமுகு முளைத்த காருக்கு இரும்புக் கூரை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு சுதந்திர மனிதன் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று தரம் சொன்னேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன். பக்கத்து அறையில் மனைவி இருந்தாள்.

என் பெயர் விவேகானந்தன். கல்யாணத்தன்றே பெயரிலிருந்த விவேகத்தை றஞ்சனா எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆனந்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் காரணம் என் கார். காருக்கு வயது அறுபது. கூரையில் கைப்பிடியைச் சுழற்றினால் திறக்கும் சன்ரூஃப். எங்கள் ஊர் அம்பிட்டிய முழுவதிலும் ஆகாயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

ஞாயிறுதோறும் காலை ஒன்பதரைக்கு எங்கள் பழைய கார்ச் சங்கம் கண்டி வாவிக்கரையில் கூடும். ஊர்வலமாக ஹேவாஹெட்ட வரை ஏறுவோம். ஒரு பிளேன்டீ குடிப்போம். யாருடைய கார் நின்றுபோனதோ அதைத் தள்ளிக்கொண்டு இறங்குவோம். வாழ்க்கையில் வேறென்ன வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன் றஞ்சனா பூங்கன்று வியாபாரம் தொடங்கினாள். ஞாயிற்றுச் சந்தையில். முதலில் நாலு அந்தூரியச் சாடி. பிறகு நாற்பது. பிறகு அலங்காரக் கமுகு. ஆறடி உயரம். ஆறடிக் கமுகு காருக்குள் எப்படி நிற்கும்? சன்ரூஃப் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஞாயிறும் சந்தைக்கு இரண்டு நடை. ஏற்றி இறக்கி முடிய மத்தியானம். சங்கம் அதற்குள் மலையேறி, பிளேன்டீ குடித்து, காரும் தள்ளி முடித்திருக்கும்.

ஒரு நாள் கமுகும் கையுமாக நான் வாவிக்கரையால் போக, எதிரே சங்கம் முழுவதும் வரிசையாக வந்தது. முதல் காரில் செயலாளர் மூக்கையா. ஹேவாஹெட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். கண்ணாடியை இறக்கினார்.

“என்னங்க விவேகானந்தன், கார்ல கமுகு மொளச்சிருச்சா? பாக்கு பறிக்கிறப்ப நமக்கும் ஒரு குலை குடுங்க!”

பின்னால் நின்ற ஒன்பது கார்களும் ஹார்ன் அடித்துச் சிரித்தன. அன்றுதான் அந்தச் சுதந்திரத் தீர்மானம் பிறந்தது. ஓட்டை இருந்தால்தானே கமுகு நிற்கும்? ஓட்டையை இரும்பால் அடைத்துவிட்டால் றஞ்சனா லொறி பிடிப்பாள். என் ஞாயிறு எனக்கு. பேச்சை அன்பிலிருந்து தொடங்கினேன்.

“றஞ்சனா, உந்தச் சன்ரூஃப் ஒழுகுது.”

“நான் கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு ஒழுகுது.”

“உன்ரை தலையிலை தண்ணி விழுறது எனக்குப் பொறுக்கேல்லை.”

“இருவத்தாறு வருசம் பொறுத்தனீங்கள்தானே?”

“இனிப் பொறுக்க மாட்டன். இரும்புத் தகடு வைச்சு ஒட்டப்போறன்.”

“ஐயோ, வேண்டாமப்பா! அது சரித்திரச் சின்னம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்.”

“சரித்திரத்தை விட நீ முக்கியம்.”

“அப்ப என்ரை கமுகங்கண்டுகளை எப்பிடிக் கொண்டுபோறது?”

“லொறி ஒண்டைப் பிடி.”

அவள் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். “பிறகு ஏன் தடுக்கேல்லை எண்டு என்னைக் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டன்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்குச் சத்தியம் செய்யும் பழக்கம் இல்லை. எனக்கு அதுவும் இருந்தது.

காரைக் கலகெதரவுக்குக் கொண்டுபோனேன். பஹீம் பாஸ் அங்கே கராஜ் வைத்திருக்கிறார். பழைய கார்களுக்குத் தகர வேலை செய்வதில் கெட்டிக்காரர். கூரையைத் தட்டிப் பார்த்தார்.

“ஒட்டினா ஒட்டினதுதான் சேர். பொறகு வானம் பாக்கேலா.”

“ஒட்டுங்கோ!”

கூரையின் உள் சீலையைக் கழற்றினார். கைப்பிடி, சன்ரூஃப் சறுக்கும் தண்டவாளம் எல்லாம் போயின. அவற்றை ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தார். வேறொரு கிழட்டுக் காரின் கூரையிலிருந்து அளவாக ஒரு தகடு வெட்டிவந்து வைத்தார். தகடு நெளியக் கூடாதென்று இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் வைத்து ஒட்டினார். கடைசிச் சதுர அங்குல ஆகாயமும் மறைந்தது. உள்ளதைச் சொன்னால், முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

உள்ளே குறுக்காக இரண்டு இரும்புச் சட்டங்களும் ஒட்டியிருந்தன.

“இது எதுக்கு பாஸ்?”

“சத்துக்கு சேர்,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசி, மினுக்கி, பெயின்ட் அடித்து முடிந்ததும் நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். வெளியே நின்று கூரை மேல் குழாய்த் தண்ணீரை அரை மணித்தியாலம் பீய்ச்சினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

றஞ்சனா முற்றத்தில் காத்திருந்தாள். காரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அந்தூரியப் பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு சாக்கை இழுத்தாள். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் ஒன்று தெரிந்தது. நாலு கால், சுற்றிவரக் கம்பி.

“என்ன இது?”

“ஹூட் ரேக். காருக்கு மேலை சாமான் கட்டுறது.”

“எப்ப செய்தது?”

“போன வருசம். பஹீம் பாஸ்தான் அடிச்சுத் தந்தவர்.”

“போன வருசமோ!”

“ஓம். ஆனா ஓட்டைக் கூரையிலை பாரம் ஏத்தினா வளையுமாம். சாடித் தண்ணியும் உள்ளுக்கை வடியுமாம். கூரையை மூடி ரண்டு சட்டம் குடுத்தா, பயப்பிடாமல் ஏத்தலாம் எண்டவர்.”

“என்னட்டைக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டா, சரித்திரச் சின்னம் எண்டு மூண்டு மணித்தியாலம் பேசியிருப்பியள்.”

நாலு மணித்தியாலம் பேசியிருப்பேன்.

“அப்ப அந்தக் கமுகு?”

“அதைப் பின் சீற்றிலை சாய்ச்சுக் கொண்டுபோயிருக்கலாம். வெளியிலை தலையை நீட்டினாத்தானே உங்களுக்கு ரோசம் வரும்?”

நான் படியில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கோவமே? ஒரு ஹோட்டல்காரர் நூறு கண்டு கேட்டிருக்கினம். என்னைத் தேடிவந்து கேட்டவை. இதுக்கு முதல் என்னைத் தேடி ஆர் வந்தது, சொல்லுங்கோ?”

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டு பல வருடம். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

“அது சரி. என்ரை ஞாயிற்றுக்கிழமை?”

“அதை யோசிக்காமல் இருப்பனே? இனி ரண்டு நடை இல்லை, ஒரே நடை. எட்டரைக்கு வேலை முடிஞ்சிடும். பிறகு நீங்கள் சங்கத்துக்குப் போகலாம்.”

இப்படியொரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தேன்?

அடுத்த நாள் விடிய எழும்பிக் கன்றுகளைக் கட்டினேன். கார் தேர் போலச் சந்தைக்கு அசைந்து போனது. எட்டு இருபதுக்கே உள்ளே இருந்த சாடிகளை இறக்கி முடித்தேன். மேலே இருந்தவற்றை இறக்கக் கயிற்றில் கைவைத்தேன்.

“அதை விடுங்கோ. அது அங்கையே இருக்கட்டும்.”

“ஏன்?”

“உயரத்திலை இருந்தாத்தான் சனத்தின்ரை கண்ணிலை படும். பாருங்கோ, இப்பவே அண்ணாந்து பாக்குதுகள்.”

“அப்ப நான் சங்கத்துக்கு எப்பிடிப் போறது?”

“உங்களைப் போக வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? கார்தானே நிக்க வேணும்.”

ஒன்பதரைக்குப் பழைய கார்ச் சங்கத்தின் ஊர்வலத்துக்கு நான் பஸ்ஸில் போய் இறங்கினேன்.