ஆறாவது போல்ட்

கல்லூரி முதல்வர் ஐயா சமூகத்துக்கு, அதாவது என் பெண்சாதியின் தம்பிக்கு, அத்தான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சர்க்கரை எப்படி?

ஆற்றுப்பாலம் திறந்த மறுவாரமே விரிசல் விட்டதே, கோழிகளுக்கெல்லாம் சீக்கு வந்ததே, உன் அக்காளை நான் கட்டினேனே, மூன்றும் சேர்ந்து வந்த அந்த வருஷம். (மருமகள், "இதையும் எழுதணுமா மாமா?" என்கிறாள். எழுதும்மா.) நீங்கள் இதே கல்லூரியில் மாணவர், நான் எட்டு வருஷமாக மெஷின் ஷெட்டைக் கூட்டித் துடைக்கிறவன். என்ஜினீயராகப் போகிறவனுக்குப் பூவும் கிளியும் எதுக்கு என்று டிராயிங் வகுப்பை நிறுத்த உத்தரவு வந்துவிட்டது. கடைசி வகுப்புக்கு டிராயிங் வாத்தியார் முப்பது பேரையும் ஷெட்டுக்குக் கூட்டிவந்து பாய்லர் முன்னால் உட்காரவைத்தார். "நல்லாப் பாருங்க. அப்புறம் வரைங்க." பையன்கள் மடியில் புத்தகத்தை விரித்து அதிலிருந்த படத்தை வரைந்தார்கள். ஒருத்தன்கூட நிமிரவில்லை. வாத்தியார் மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

பாய்லரை ஓட்டிக் காட்ட வந்த மெஷின் புரொபசர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், மூடிக்கு அஞ்சு போல்ட்? கிளி வரைஞ்ச கைக்குக் கணக்கு மறந்துடுச்சா? ஆறு."

"நான் எண்ணலை சார். பார்த்தேன்."

"ஏம்ப்பா, தினம் துடைக்கிறியே, எத்தனை?"

ஆறுதான் ஐயா என்றேன், எட்டு வருஷத் தைரியத்தில்.

"எண்ணு."

எண்ணினேன் மச்சான். அஞ்சு. எதிர்ப்பக்கமாக எண்ணினேன், அதே அஞ்சு. ஆறாவது இடத்தில் வெறும் ஓட்டை. புரொபசர் விரலை விட்டார், ரெண்டு கணு உள்ளே போச்சு. அன்றைக்குப் பற்றவைத்திருந்தால் மூடி பறந்து அத்தனை தலையையும் கொண்டுபோயிருக்கும்.

படத்திலும் அதே இடத்தில் ஒரு கறுப்பு, உள்ளே ஆழம் தெரிகிற கறுப்பு. நான் அதிலும் விரலை விட்டுப் பார்த்தேன், காகிதம் தட்டியது. வாத்தியார் எப்படி ஐயா அதைச் செய்தார்? என் துணி தினமும் அந்த ஓட்டை மேலேதான் போய் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று தெரியும். பார்க்கவும் தெரியாதவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உத்தரவைக் கிழித்துப் போட்டார்கள்.

இப்போ நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை டிராயிங் அறையை மூடிக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறாயாம். வேண்டாம்டா மச்சான்.

உங்கள் பேனாவுக்கு நல்ல புத்தி வரட்டும். காப்பிக்குச் சர்க்கரை போடாதே என்று அக்காள் சொல்கிறாள்.

பின்குறிப்பு: ஒருத்தன்கூட நிமிரவில்லை என்றது பொய். கடைசி வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, ஓட்டையை ஓட்டையாகவே வரைந்தான். பக்கத்தில் இருந்தவனுடைய புத்தகத்தைப் பார்த்ததும் ரப்பரால் அழித்துப் போல்ட் போட்டுக்கொண்டான். ரப்பர் தூளைக் கூட்டினவன் நான். அந்த ஓட்டையை யாரும் சொல்லாமல் தானாகக் கண்டவர்கள் ரெண்டே பேர். வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நீதான்.