எருமை மைனியும் நாலு கயிற்றுப் பட்டமும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிற செல்வபாய் அக்கா. போன லெந்து என்னும் தவக்கால நாட்களில், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது சொன்னார்கள். அவர்களுடைய மருமகன் கடற்கரையில் நாலு கயிற்றுப் பட்டம் விடுகிறவர். அதனால் பட்டத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். மிருகங்களைப் பற்றிச் சொன்னதற்கு அக்காதான் பொறுப்பு.

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. மற்றக் கரடிகள் தேனுக்கு அலைந்தால் இது துணிக்கு அலையும். குடைத்துணி போலக் காற்றுப் புகாத துணி, எடையே தெரியாத கார்பன் குச்சி, இழுத்தாலும் நீளாத கயிறு. இவற்றை வைத்து மழைக்காலம் முழுக்கக் குகைக்குள் உட்கார்ந்து ஒரு பட்டம் செய்தது. சாதாரணப் பட்டம் இல்லை. அதற்கு நாலு கயிறு. மேல் கயிறு இரண்டையும் இழுத்தால் பட்டம் ஏறும். கீழ்க்கயிறு இரண்டையும் இழுத்தால் வானத்தில் அப்படியே நிற்கும். இன்னும் இழுத்தால் பின்பக்கமாகவே இறங்கும்.

ஒரே ஆள் இரண்டு கைப்பிடியில் நாலு கயிற்றையும் பிடித்துவிடலாம். ஆனால் காட்டில் அதற்குள் ஒரு பட்டச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். கரடி தலைவர். நரி செயலாளர். மயில் உறுப்பினர். சங்கம் என்று வந்துவிட்டால் வேலையைப் பிரித்துத்தானே ஆகவேண்டும்? மேல் கயிறு கரடியின் கைக்குப் போனது. கீழ்க்கயிற்றை எருமையின் இரண்டு கொம்பிலும் கட்டினார்கள். எருமை எல்லோருக்கும் மைனி, அதாவது அண்ணன் மனைவி முறை. தலையை முன்னால் நீட்டினால் கயிறு தளரும். ஒரு அடி பின்னால் வைத்தால் பட்டம் நிற்கும். எருமைக்கும் அசைபோட நேரம் கிடைத்தது.

காட்டின் நடுவே மரமில்லாத பொட்டல் ஒன்று உண்டு. மரம் இருந்தால் காற்று குழம்பும், பட்டம் தள்ளாடும். அந்தப் பொட்டலில்தான் காற்று ஒரே சீராக வரும். அதன்மேல் சிறுத்தைக்கு ஒரு கண். செல்போன் கோபுரம் வைக்க வேண்டுமாம்.

பொட்டல் யாருக்கு என்ற வழக்கு தன்னிடம் வந்தபோது சிங்கராஜா சொன்னார்: "ஏதோ பட்டம் வானத்துல அசையாம நிக்குமாமே? அதைப் பார்த்துட்டு முடிவு சொல்லுதேன்."

கரடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொட்டல் போய்விட்டால் பட்டத்தைச் சுருட்டிக் குகையில் வைக்கவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து நரி கூட்டம் கூட்டியது.

"தலைவரே, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? நம்ம பட்டம் உயரப் போகும்போதெல்லாம் இந்த எருமை பின்னால இழுக்கா."

"ஆமா," என்றது மயில். "போன வாரம் மேகத்துக்கிட்ட போயிருக்கும். இந்த அம்மா ஒரு எட்டு பின்னால வச்சா. அங்கேயே நின்னுட்டு."

"நிக்கிறதுக்குத்தானே மயிலு அந்தக் கயிறு?" என்றது எருமை.

"பார்த்தீங்களா, எதிர்த்துப் பேசுதா!" என்றது நரி.

கரடிக்கு விஷயம் தெரியும். செய்த கைக்குத் தெரியாதா? ஆனால் கூட்டத்தில் எல்லோரும் "தலைவர் கையில விட்டா வானத்தையே தொடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்க அதற்கு இதமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டது. ஆண்டவர் அதை மன்னிக்கட்டும். நம்மில் யார் வாயைத் திறந்திருப்போம்?

கீழ்க்கயிற்றை அவிழ்த்தார்கள். எருமையை வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். எருமை அசைபோட்டுக்கொண்டே குளத்துக்குப் போய்விட்டது.

சிங்கராஜா பட்டம் பார்க்க வரும் விழா நாள் வந்தது. கரடி மேல் கயிற்றை இழுத்தது. பட்டம் சீறிக்கொண்டு ஏறியது. "ஓகோ!" என்று காடே கத்தியது. "இப்ப நிப்பாட்டு பார்ப்போம்," என்றார் சிங்கராஜா. கரடி இழுத்தது. பட்டம் இன்னும் ஏறியது. விட்டது. பட்டம் குப்புறப் பாய்ந்தது. மறுபடி இழுத்தது. பட்டம் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து சிங்கராஜாவின் பிடரியில் குச்சியோடு மாட்டிக்கொண்டது.

தலையில் பட்டத்தோடு சிங்கராஜா கேட்டார்: "யார் வே இதுக்குப் பொறுப்பு?"

நரி பழக்கதோஷத்தில் சட்டென்று சொன்னது: "எல்லாம் அந்த எருமை பின்னால இழுத்ததுனாலதான் ராஜா!"

"எருமை எங்க?"

"அவளை முந்தாநாளே நீக்கிட்டோம்."

"முந்தாநாள் நீக்குன எருமை இன்னைக்கு எப்படி வே இழுத்தா?"

நரி கரடியைப் பார்த்தது. கரடி மயிலைப் பார்த்தது. மயிலுக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை. அதனால் வானத்தைப் பார்த்தது.

சிங்கராஜா பிடரியை விடுவித்துக்கொண்டு எழுந்தார். "பறக்கிறதைக் காட்ட ஊர்ப்பட்ட காக்கா இருக்கு. நான் நிக்கிறதைப் பார்க்க வந்தவன். நாளைச் சாயங்காலம் நிக்கணும். இல்லைன்னா பொட்டல் சிறுத்தைக்குத்தான்."

மூன்று பேரும் குளத்துக்கு ஓடினார்கள். எருமை கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தது.

"மைனி, வந்திருங்க," என்றது நரி.

எருமை ஒரு கண்ணைத் திறந்தது. "கீழ்க்கயிறு இல்லாம பட்டம் நிக்காதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

"அது எங்களுக்கு எப்பவுமே தெரியும் மைனி. விழுந்தா யாரைச் சொல்றதுன்னுதான் தெரியாமப் போச்சு."

கரடி தலையைக் குனிந்துகொண்டது. எருமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளமே ஆடும்படி சிரித்தது.

"வாரேன். ஆனா என்னைக்கெல்லாம் என் பேரைச் சொல்லுதீகளோ, அன்னைக்கெல்லாம் ஒரு கட்டு பச்சைப் புல்லு வீட்டுக்கு வந்திரணும்."

"வாடின புல்லுன்னா பரவாயில்லையா மைனி?" என்றது நரி.

"வாடின புல்லுக்கு வேற எருமையைப் பாரு."

மறுநாள் சாயங்காலம் கரடி பட்டத்தை ஏற்றியது. எருமை ஒரு அடி பின்னால் வைத்தது. பட்டம் வானத்தில் ஆணி அடித்தது போல நின்றது. சிங்கராஜா வாயைப் பிளந்து பார்த்தார். "பொட்டல் உங்களுக்குத்தான் வே," என்று சொல்லிக் கரடிக்கு மாலை போட்டார். சிறுத்தை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

"நடுவுல ஒரு தரம் லேசா ஆடுச்சே, அது ஏன்?" என்றார் சிங்கராஜா.

"அது எருமை மைனியால ராஜா!" என்றது நரி. சொன்ன கையோடு அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புல்லறுக்க ஓடியது.

இப்போது அந்தக் காட்டில் கரடியைவிட எருமைதான் கொழுகொழுவென்று இருக்கிறதாம்.

நீதி: உன்னைப் பின்னால் இழுப்பவரை ஒருநாளும் சங்கத்தைவிட்டு நீக்காதே, விழுகிற அன்று கைகாட்ட ஆள் இருக்காது. அந்த ஆளே நீயாக இருந்தால், முதலில் புல்லுக்குப் பேசி முடித்துக்கொள்.

கதை அவ்வளவுதான். போகும்போது அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் போங்கள். காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது.