மாமா பார்த்துக் கொடுத்த மனையியல்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீட்டில், பரீட்சை எழுதியவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் கருத்து இருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கருத்து முழுவதையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மாவின் அண்ணன், கருப்பையா மாமா. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால், என் செருப்பு முதல் எதிர்காலம் வரை மாமாதான் முடிவெடுப்பார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

எனக்கு பி.காம். படிக்க ஆசை. (வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன்.) காரைக்குடியில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனோம். நோட்டீஸ் போர்டில் பாடப்பிரிவுகளைத் தமிழில் ஒட்டியிருந்தார்கள். பி.காமுக்கு நேரே ‘இடம் இல்லை’ என்று இருந்தது. மாமா விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மாப்ள, இதப் பாரு. மனையியல்."

"அப்படின்னா என்ன மாமா?"

"என்னடா கேள்வி? மனைன்னா பிளாட்டு. மனையப் பத்திப் படிக்கிற படிப்பு. இப்பத்தான் படிச்சவங்களுக்குப் புத்தி வந்திருக்கு."

மாமாவுக்கு ரியல் எஸ்டேட் தொழில். கண்டனூர் போகிற வழியில் பொட்டல்காட்டில் கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை விற்றுக்கொண்டிருந்தார். சரி, அவர் புத்தி அப்படிப் போகும். கையில் போன் வைத்திருந்த நான் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாமே? பார்க்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் நண்பர்கள் எல்லோருக்கும் ‘ரியல் எஸ்டேட் டிகிரி’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டேன். அவ்வளவு அறிவாளி.

சேர்க்கை நாளன்று துறைத் தலைவி என் விண்ணப்பத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, மனையியல் படிக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க மாமா மனை போட்டு விக்கிறாங்க மேடம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எனக்கு இப்பவே பார்க்கத் தெரியும்."

பக்கத்திலிருந்த இரண்டு பேராசிரியர்கள் குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார்கள். (வெகுநேரம் தேடினார்கள்.) அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க வில்லங்கம் எல்லாம் சொல்லித் தர்றதில்லை தம்பி. மனைன்னா வீடு. சமையல், சத்துணவு, துணி, குழந்தை வளர்ப்பு, இதுதான் பாடம். தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருப்பேன். வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற மாமா முந்திக்கொண்டார்.

"தெரியாமலா மேடம் வருவோம்? பையனுக்குச் சின்னதுலேருந்தே சமையல்ல ஆர்வம்."

அன்றுவரை நான் வெந்நீர்கூட வைத்ததில்லை. தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், தன் மானத்தைக் காப்பாற்ற என் மூன்று வருஷத்தை எடுத்து நீட்டிவிட்டார் மனுஷர். அதைவிடக் கேவலம், நான் அதற்குத் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும், "என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீக?" என்றேன்.

"விடு மாப்ள. டிகிரின்னா டிகிரிதான்" என்று வண்டியைக் கிளப்பினார்.

வகுப்பில் நாற்பது பெண்கள், நான் ஒருவன். முதல் செய்முறை வகுப்பில் பிளாஸ்டிக் பொம்மையைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். சோப்பு வழுக்கி என் குழந்தை ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. கீழே போன பிரின்சிபால் அதைக் கொண்டுவந்து கொடுத்து, பெற்றவன் யார் என்று விசாரித்தார்.

ஆனால் சத்துணவுப் பாடம் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது. (இதை மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.) மேலே படித்து, இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது இடம் வாங்கினால், "மனையியல் படிச்ச டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அம்மா சிரிக்காமல் சொல்வார். அவர்களும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மாமாவோ கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு, "அந்தப் படிப்பக் கண்டுபிடிச்சதே நான்தான்" என்கிறார்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை வந்தது. என் எதிரே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்த தாளை வாசித்தார்.

"ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தியா? இதுக்காடா அந்தப் படிப்பத் தேடிப் பிடிச்சு உன்ன அங்குட்டுச் சேத்துவிட்டேன்?"

தாளைத் திரும்ப வாங்கி, ரெண்டை ஒன்றாகத் திருத்திக் கொடுத்தேன்.