சுவிட்சர்லாந்தின் துறைமுகம்

உலகப்படம் பார்க்கத் தெரியாத எவரும் எங்கள் ஊர் ஆதரவோடு அமெரிக்க ஜனாதிபதி ஆகக் கூடாது. புத்தாண்டுக் காலையில் காப்பிக் கோப்பையை மேஜையில் இடித்துச் சபதம் செய்தேன். கோப்பை உடைந்தது. சபதம் உடையவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? அயோவாவில் சோயா போடுகிறவன் நான். வாஷிங்டனில் ஒருவர் வாயைத் திறந்தால் சீனாக்காரன் கொள்முதலை நிறுத்துகிறான். என் களஞ்சியத்தில் சோயா கூரையை முட்டுகிறது. ஜனாதிபதி நாற்காலிக்கு ஆசைப்பட்டு எங்கள் ஊருக்கு வருகிறவர்களோ குழந்தைக்கு முத்தம் கொடுத்து, பன்றிக்கறியைக் கடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள்.

ஆகவே வெளியுறவு பற்றி இருபது கேள்வி தயாரித்தேன். வந்தவர்களை எல்லாம் உணவு விடுதி வாசலிலேயே மடக்கினேன். ஒரு செனட்டர் பதினேழு மார்க் வாங்கினார். முன்னாள் கவர்னர் அம்மாள் வாங்கியது மூன்று. சீனாவோடு என்ன ஒப்பந்தம் செய்வீர்கள் என்றால், எனக்குத் தெரியவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று என்னையே கேட்கிறார். பரீட்சைக்கு வந்தவர் வாத்தியாரைக் கேள்வி கேட்பதாவது!

என் மனைவி மார்லிஸ் அந்த அம்மாள் பக்கம்.

"உன் செனட்டர் உன்னைப் பேசவே விடலையே ஆல்வின்."

"பதினேழு மார்க், மார்லிஸ்."

"மார்க்கை மூட்டை கட்டிச் சீனாவுக்கு அனுப்பப் போறியா?"

"மூணு மார்க்கை மட்டும் அனுப்பலாமா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொன்னா பாரு, அவளை நம்பலாம். நாப்பத்திமூணு வருஷமா உன் வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து நான் பார்க்கலை."

எங்கள் ஊரில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ரகசியச் சீட்டெல்லாம் கிடையாது. பிப்ரவரிக் குளிரில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடி, அவரவர் ஆளுக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து தலை தேறாத மூலை கலைய வேண்டியதுதான். தேறிய மூலையில் நின்றவர்கள் அதன்பிறகு இடம் மாறவே கூடாது.

அன்று வந்தவர்கள் சரியாக நூறு பேர். என்னையும் சேர்த்து என் செனட்டர் மூலையில் பதினைந்து. அதற்கு நான் பட்ட பாடு! ஒருவருடைய சினைப்பன்றிக்கு மூன்று நாள் காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காது கேளாத கிளாரன்ஸுக்கு யார் போட்டியிடுகிறார்கள் என்றே தெரியாது. நாற்காலி தருகிறேன் என்றதும் வந்துவிட்டார்.

கூட்டத்தை நடத்திய உயிரியல் ஆசிரியை பிளாஹா, எண்ணுவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் என்று அறிவித்தார். அப்போது எதிர் மூலையிலிருந்து மார்லிஸின் குரல் கேட்டது. பக்கத்துப் பண்ணை டெல்மரிடம், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம்ம சோயாவைக் கப்பல்ல ஏத்தி நேரா சுவிட்சர்லாந்துத் துறைமுகத்துல இறக்கிடலாமாம். ஆல்வின்தான் சொன்னான்."

"ஆல்வினே சொன்னானா? அப்போ சரியாத்தான் இருக்கும்," என்றான் டெல்மர்.

நானா சொன்னேன்? ரத்தம் தலைக்கு ஏறியது. கூடைப்பந்துக் கோடுகளையெல்லாம் தாண்டி ஒரே ஓட்டம்.

"சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாதுடா, முட்டாள்!"

"அப்படியா?" என்றாள் மார்லிஸ், பள்ளிப் பிள்ளை மாதிரி. "சுத்தி என்னென்ன நாடுன்னு கொஞ்சம் வரைஞ்சு காட்டேன்." தாளும் பென்சிலும் தயாராக வைத்திருந்தாள்.

வரைந்தேன். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி.

"அஞ்சாவதா ஒண்ணு இருக்குமே?"

இருக்கிறது. லீக்டன்ஸ்டைன். கடுகளவு நாடு. அதை எங்கே பொருத்துவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றபோது எண்ணிக்கைக்கான விசில் ஒலித்தது. ஐந்தாவது ஒன்று இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

என் மூலையில் பதினாலு தலை. கலைத்துவிட்டார்கள். பதினாலு பேரும் வரிசையாக மார்லிஸிடம் வந்து சேர்ந்தார்கள். கிளாரன்ஸ் நாற்காலியோடு வந்தார்.

இது மோசடி என்று கத்தினேன்.

"நீங்க எந்த மூலையில நிக்கிறீங்க ஆல்வின்?" என்று கேட்டார் பிளாஹா.

குனிந்து பார்த்தேன். என் கால் இரண்டும் மார்லிஸின் மூலையில். அத்தோடு விட்டார்களா? மாவட்ட மாநாட்டில் கவர்னர் அம்மாளுக்காகப் பேச ஒரு பிரதிநிதி வேண்டுமாம். வெளிநாட்டு விவகாரம் கரைத்துக் குடித்தவர் எங்களிடம் ஒருவர் இருக்கிறார் என்று என் பெயரை முன்மொழிந்தாள் மார்லிஸ். மூலை முழுக்கக் கை தூக்கியது.

எதிர்த்துத் தூக்க வேண்டிய கை ஒன்றே ஒன்றுதான். அதை மார்லிஸ் அன்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.