பின்சீட்டுப் பாரம்

"உலகத்தில் பெட்ரோலைக் குடிப்பது இன்ஜின் அல்ல, பின்சீட்டு."

பள்ளிக்கூடத்தின் ஓய்வறையில் பௌதிக வாத்தியார் இதை அறிவித்தபோது, கரும்பலகையில் எழுதி அடிக்கோடிடாதது ஒன்றுதான் பாக்கி.

"பின்சீட்டுல யாரு சார்?" என்றார் சரித்திர டீச்சர்.

"மாமனார்."

அறையே புரிந்துகொண்டு தலையாட்டியது.

மாமனார் மகள் வீட்டோடு வந்து சேர்ந்து அரை வருஷமாகிறது. பகலில் ஒரு மருந்துக்கடையில் உட்காருவார். வாத்தியார் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவரை ஸ்கூட்டரில் இறக்கிவிடுவார். மகளின் கைமணத்தில் மாமனாரின் சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. அதற்குப் பரிகாரமாக அவர் விடிவதற்குள் எழுந்து நடக்கப் போவார். வாத்தியார் அப்போது நடுக் குறட்டையில் இருப்பார்.

"நடந்தா உடம்பு இளைக்கும்னா தபால்காரங்க எல்லாம் காத்துல பறந்திருக்கணும் மாமா" என்பார். மாமனார் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த வீட்டில் வாத்தியார் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவர்தான்.

ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் செத்து வருஷக்கணக்காகிறது. ஆகவே வாத்தியாரின் கணக்கு எளிமையானது. திங்களன்று நிரப்பினால் சனிவரை வரவேண்டும். மாமனார் வந்த பிறகு வியாழனே டேங்க் மூச்சை விட்டது. இன்ஜினைக் குறை சொல்ல வழியில்லை. எந்தக் குளிரிலும் காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடும். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்த வியாழக்கிழமை பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா, பாரம் கூடிடுச்சு. வண்டிக்கு."

'வண்டிக்கு' மாமனார் காதில் ஏறவில்லை. பாலம் முழுக்கப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். இரவு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மனைவி சமையலறைக் கதவைச் சாத்தினாள். "ஏங்க, எங்கப்பா உங்களுக்குப் பாரமா?"

"அய்யய்யோ, நான் சொன்னது பௌதிகம்மா! நிறை. நிறை கூடினா..."

"ஒரு குறையும் சொல்ல முடியாத மனுஷன்கிட்ட நிறையைப் பத்திப் பேசினீங்களாக்கும்? பரண்ல இருந்து பெட்டியை இறக்கிட்டாரு. பழைய வாடகை ரூமுக்கே போறாராம்."

வாத்தியாருக்கு ஒரே கவலைதான். அவர் போய்விட்டால் இனி யாரிடம் ஜோக் சொல்வது?

மறுநாள் விடிந்ததும் ஸ்டெப்னியைக் கழற்றிக் கூடத்தில் உருட்டிவிட்டார். "பாரம்னு நான் சொன்னது இதைத்தான் மாமா!"

அன்றைக்கே அதே பாலத்தில் வண்டி பஞ்சர். இருவரும் தள்ளினார்கள்.

"நான் இறங்கிப் போயிருந்தா ஸ்டெப்னியாவது வண்டியில இருந்திருக்கும்" என்றார் மாமனார், மூச்சு வாங்க. "சரி, இனிமே சாயங்காலமும் நடக்கிறேன். இளைச்சுக் காட்டுறேன். அப்பவும் வண்டி பெட்ரோல் இல்லாம நின்னா, பெட்டியோட கிளம்பிடுறேன் மாப்பிள்ளை."

சொன்னபடியே செய்தார். வாத்தியார் பின்னறையில் டியூஷன் நடத்தும் நேரத்தில் இவர் நடக்கப் போய்விடுவார். தட்டிலும் பாதியை ஒதுக்கினார். சட்டைகள் தொளதொளத்தன. கன்னம் ஒட்டியது.

டேங்க் செவ்வாய்க்கிழமையே காலி!

வாத்தியார் திடுக்கிட்டார். மாமனார் கண்ணில் படாமல் பள்ளி இடைவேளையில் ஓடிப்போய்ப் பெட்ரோல் நிரப்பினார். மாமனார் இளைக்க இளைக்க வண்டியின் தாகம் கூடியது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை.

விடையை மனைவிதான் சொன்னாள். மாமனார் ஒதுக்கிய சாப்பாட்டையெல்லாம், வீணாகக் கூடாதென்ற நல்லெண்ணத்தில், வாத்தியார்தான் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இளைச்சதெல்லாம் எங்க போச்சுன்னு கண்ணாடியில பாருங்க. பெல்ட்டுல ஓட்டை பாக்கி இருக்கா?"

இல்லை. கண்ணாடி முன்னால் வாத்தியார் வெகுநேரம் நின்றார். அப்படியானால் பாரம் முன்சீட்டிலா? அதுக்காகவா அந்த மனுஷனைப் பட்டினி போட்டேன்? அன்றிரவே பெட்டியைத் தன் கையாலேயே பரணில் ஏற்றினார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் இருட்டோடு எழுந்து, யாரிடமும் மூச்சுவிடாமல் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, திருடன் மாதிரி படியிறங்கினார் வாத்தியார். வாசலில் மாமனார் நின்றிருந்தார்.

"நீங்களும் நடக்க வர்றீங்களா மாப்பிள்ளை!" கிழவர் முகம் மலர்ந்தது. "ஏறிக்குங்க."

தூக்கக் கலக்கத்தில் வாத்தியார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

"மாமா... நாம நடக்கத்தானே போறோம்?"

"ஆமா மாப்பிள்ளை, ஆனா பூங்கா ஊருக்கு அந்தக் கோடியில இல்ல இருக்கு?" என்று மாமனார் ஆக்சிலேட்டரை முறுக்கினார். "தினம் காலையும் சாயங்காலமும் அவ்ளோ தூரம் யாரால நடக்க முடியும்?"