சமையலறை எல்லையில் ஒரு விசாரணை

நாலு நாடு. ஒரு பை. கூட சம்சாரம் கிடையாது. இதுதான் நான் போட்ட திட்டம்.

நாலு நாடும் பெரிய தூரமில்லை. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரிக் கிடக்கின்றன. பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால் ஒரு நாடு, விழித்தால் இன்னொரு நாடு. ஓட்டல் வேண்டாம், டாக்சி வேண்டாம். முதுகில் பை, காலில் செருப்பு, கிடைத்த கட்டிலில் படுக்கை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் உலகத்தையே சுற்றுகிறார்கள் என்று எங்கள் தெரு சலூன்காரர் சொன்னார். தன் சம்சாரத்தை வீட்டில் விட்டுவிட்டுத் தானும் கூட வருவதாகச் சொன்னார். அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. கையில் எப்போதும் கத்தி வைத்திருக்கிறவர்.

நான் சோபா தைக்கிறவன். இந்த ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்து எழுவது என் கைவேலை மேல்தான். பள்ளிக்கூடத்தில் என்னை உட்கார வைக்க முடியவில்லை. நான் ஊரையே உட்கார வைத்தேன்.

சம்சாரம் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். அவள் நல்லவள். அதுதான் தொந்தரவு. டாக்டர் என்னைச் சர்க்கரையை விடச் சொன்னார். நான் டாக்டரை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. ஒரு பெரிய துணிக்கடை வாசலில் பை சோதிக்கிற வேலை அவளுக்கு. முகத்தைப் பார்த்தே எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நான் வெளியில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தால், "எத்தனை ஸ்பூன்?" என்பாள். நாலு நாட்டிலும் நாலு விதமான இனிப்பு இருக்கும். அதையெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாமல் தின்றுவிட்டு வர வேண்டும். மனுஷன் வேறு எதற்குத்தான் வெளிநாடு போகிறான்?

சாப்பிடும்போது திட்டத்தைச் சொன்னேன். சம்சாரம் கிடையாது என்கிற பாகத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"ஏங்க, நானும் வரேன்" என்றாள்.

அவளிடம் 'வேண்டாம்' என்ற சொல்லை நான், அவள் பரிமாறும்போது மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அவள் கேட்டதில்லை. இன்னொரு கரண்டி வைப்பாள்.

மறுநாள் சலூனில் நாற்காலியில் சாய்ந்தபடி யோசித்தேன். முகமெல்லாம் நுரை. யோசனை அருமையாக வந்தது. நாம் வேண்டாம் என்று சொன்னால்தானே வம்பு? வேண்டாம் என்று அவளையே சொல்ல வைத்தால்?

"ஞாயித்துக்கிழமை ஒத்திகை" என்று அறிவித்தேன். "இது கஷ்டமான பயணம். வீட்லயே ஒரு நாள் பழகிப் பாரு. முடிஞ்சா வா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கா?" என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் எதுவும் இல்லையே."

ஞாயிறு காலையில் வீட்டை நாலு நாடாகப் பிரித்தேன். ஹால் முதல் நாடு. சமையலறை இரண்டாவது. படுக்கையறை மூன்றாவது. துணி காயப்போடுகிற பால்கனி நாலாவது. யாரும் சோபாவில் உட்காரக் கூடாது. நாள் முழுக்க முதுகில் பை இருக்க வேண்டும்.

பைகளை நானே கட்டினேன். அவள் பையில் பழைய இஸ்திரிப் பெட்டி, உடைந்த தையல் மெஷினின் கால்மிதி, ஒரு டப்பா ஆணி. என் பையில் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகள். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருக்கும். தூக்கினால் பூனைக்குட்டி.

மூன்று மாடி இறங்கி ஏற வைத்தேன். நான் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன். அவள் பின்னால் மூச்சு வாங்க வந்தாள்.

"அங்க பெஞ்சுலதான் படுக்கணும்" என்றேன்.

"ம்."

"மூட்டைப்பூச்சி ஒவ்வொண்ணும் பட்டாணி அளவு."

"ம்."

"ஒரே ரூம்ல பத்துப் பேர். பத்துப் பேரும் குறட்டை."

"பத்தும் சேர்ந்தா உங்களது ஒண்ணுக்கு வருமா?"

"சாப்பாடு வெறும் காய்ஞ்ச ரொட்டி. கடிச்சா பல்லு அந்த நாட்லயே தங்கிடும்."

மேலே வந்ததும் பையை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "கஷ்டம்தாங்க. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

யோசிக்கப் போகிறாளாம்! எனக்கு அப்போதே நாக்கில் இனிப்பு ஊறியது. சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. வெற்றி பெற்றவனுக்குப் பசி அதிகம். எழுந்து போனேன்.

சமையலறை வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி. அதில் அவள். தலையில் துணிக்கடை வேலைத் தொப்பி.

"நில்லுங்க."

"என்ன இது?"

"எல்லை. ரெண்டாவது நாடு இங்கதானே ஆரம்பிக்குது? நீங்க போட்ட கோடுதான்."

"அட, வழிய விடு. பசிக்குது."

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எதுக்கு வந்தீங்க?"

விளையாட்டுதானே? நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். "சுத்திப் பார்க்க வந்தேன் மேடம்."

அந்த நேரம் பார்த்துச் சலூன்காரர் வந்தார். ஒத்திகை என்னாயிற்று என்று தெரிந்துகொள்ள வந்தவர், வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து என் பின்னால் நின்றார். "அண்ணே, லைன் நகருதா?"

"வயசு?" என்று கேட்டாள்.

"அறுபது. ஆனா பார்த்தா தெரியாது."

"முட்டி?"

"முட்டியா?"

"ரெண்டாவது மாடியில டக்குனு சத்தம் கேட்டுதாமே. எங்களுக்குத் தகவல் வந்திருக்கு." தொப்பியைச் சரிசெய்தாள். "இந்த வயசுல இந்த முட்டியோட பெஞ்சுல படுத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? உள்ள விட முடியாது. திரும்பிப் போங்க."

உள்ளே மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வந்தது. எனக்கு வயிறு கூப்பிட்டது. ரோஷமும் வந்தது. என்னைப் பார்த்து முடியாது என்பதா?

"பெஞ்சா? யாரு மேடம் சொன்னது? மெத்தைங்க! மெத்தை விஷயத்துல நான் பொய் சொல்வேனா? நான் தொழில்காரன். வெள்ளை விரிப்பு, ரெண்டு தலகாணி."

"மூட்டைப்பூச்சி பட்டாணி அளவுன்னு கேள்விப்பட்டோம்."

"வேணும்னே கிளப்பி விட்டிருக்காங்க. மருந்துக்குக்கூட ஒண்ணு கிடையாது."

"ரொட்டி காய்ஞ்சு போயிருக்குமாமே."

"சுடச்சுட மேடம்! ஆவி பறக்கும்!"

"நடக்கிறது?"

"எங்க நடக்கறது? வாசல்ல பஸ். ஏறினா தூக்கம்."

"பை கனமா தெரியுதே."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரிப் பையைக் கழற்றினேன். ஆள்காட்டி விரலில் மாட்டி, தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றும் சுற்றிக் காட்டினேன். "பச்சைப் பிள்ளைகூடத் தூக்கும் மேடம்!"

சலூன்காரர் என் இடுப்பைக் கிள்ளினார். சாப்பாட்டுக்கு அவசரப்படுகிறார் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன்.

"அப்போ இந்தப் பயணத்துல கஷ்டமே இல்லை?"

"கடுகளவும் இல்லை!"

"யாரு வேணும்னாலும் போகலாம்?"

"யாரு வேணும்னாலும்!"

"பொம்பளைங்க?"

"தாராளமா போகலாம்! ராணி மாதிரி போயிட்டு வரலாம்!"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "தம்பி, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் அண்ணி" என்றார் சலூன்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்போ சரி. இவ்வளவு சுலபம்னா நான் எதுக்கு யோசிக்கணும்? வரேன்." நாற்காலியைத் தள்ளினாள். "வாங்க, சாப்பிடலாம்."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் தலை நிமிரவில்லை. அவள் என் பையை விரலால் அழுத்தினாள். பை உள்ளே போய் வெளியே வந்தது.

"இது எனக்கு நல்லா இருக்குங்க."

"அப்போ அந்தப் பை?"

"அது உங்க சம்சாரத்துக்காக நீங்க ஆசையா கட்டினது. அவளுக்காக அதைக்கூடத் தூக்க மாட்டீங்களா?"

சலூன்காரர் சாப்பிட்ட கையோடு வீட்டுக்கு ஓடி, தன் சம்சாரத்திடம் 'நீயும் வா' என்று அவராகவே சொல்லிவிட்டார். கேட்பதற்கு முன்பே சரணடைந்தால் சேதாரம் குறைவு என்பது அவர் கணக்கு.

இதோடு நான் ஓய்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தோற்றது திட்டம்தான், நான் இல்லை. கிளம்புவதற்கு முன் என் சோபாக் கடையில் உட்கார்ந்து, என் பையின் தோள்வாருக்குள் மெத்தென்று வைக்கிற பஞ்சை உருவினேன். அங்கே பால் மிட்டாய்களை வரிசையாக அடுக்கினேன். மேலே தையல் போட்டேன். சாதாரணத் தையலா அது? ஊசி போன தடமே தெரியாது. இந்தத் தையலைக் கண்டுபிடிக்கிற கண் உலகத்தில் இல்லை என்று நெஞ்சில் அடித்துச் சொல்வேன்.

பஸ்ஸில் சம்சாரங்கள் இருவரும் ஜன்னலோரம். நாங்கள் இருவரும் மூட்டைகளோடு பின்னால். பையின் தோள்வாரை அவ்வப்போது தடவிக்கொண்டேன். நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டேன்.

முதல் எல்லை வந்தது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பை சோதிக்க ஒரு பெண் இருந்தாள். எங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பையையும் திறந்து, கொட்டி, மறுபடி அடைத்துக் களைத்துப் போயிருந்தாள்.

என் சம்சாரம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். அவளால் சும்மா நிற்க முடியவில்லை. கிட்டே போய், பையைத் திறக்காமலே அடியில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு அழுத்து, காதருகே ஒரு குலுக்கு என்று செய்து காட்டினாள். அந்தப் பெண்ணும் அதையே செய்து பார்த்தாள். கண் விரிந்தது. இரண்டு பேரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். உட்கார நாற்காலி வந்தது. குடிக்கத் தண்ணீர் வந்தது.

பிறகு என் முறை வந்தது. நான் ராஜா மாதிரிப் பையை வைத்தேன். அந்தப் பெண் தட்டினாள், அழுத்தினாள், குலுக்கினாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள்.

என் சம்சாரம் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மோவாயால் தோள்வாரைக் காட்டினாள்.

சின்னக் கத்தரிக்கோல் வந்தது. என் தையல் பிரிந்தது. மிட்டாய்கள் மேஜையில் உருண்டன. அந்தப் பெண்ணுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களில் யார் பெரியவர் என்று ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அத்தனையையும் அள்ளி என் சம்சாரத்தின் கையில் கொடுத்தாள்.

அவள் அந்தப் பெண்ணுக்கு ஒன்று கொடுத்தாள். சலூன்காரருக்கு ஒன்று, அவர் சம்சாரத்துக்கு ஒன்று. கடைசியாகத் தன் வாயில் ஒன்று போட்டுக் கண்ணை மூடி ருசி பார்த்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏங்க," என்றாள், "ரொம்ப இனிப்பு. உங்களுக்கு ஆகாது."