ஐஸ் பெட்டியில் மாமாவின் இரத்தம்

என் மாமனாரைக் கொல்லப் பார்த்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. உதவி செய்யப் போய்த்தான் அப்படி ஆனது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போவது. போய் மூன்று மாதம் ஆகியும், மாமி வைத்துத் தந்த கோழியையும் வட்டிலப்பத்தையும் சாப்பிட்டதைத் தவிர அந்த வீட்டுக்கு நான் ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போடவில்லை. அப்போதுதான் சிறுநீரகக் கோளாறென்று மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி போலத் தாதி ஒரு சின்னக் குழாயில் இரத்தம் எடுத்து என் கையில் தந்தார்.

"எங்கட மெஷின் பழுது. பொட்டாசியம் பார்க்கணும், வெளிய லெப்ல குடுங்க. உடனே போங்க, சுணங்கினா ரிசல்ட் பிழைச்சிரும்."

"ஓம் மிஸ்" என்று பறந்தேன். (மோட்டார் சைக்கிளில்தான்.)

லெப் பூட்டிக் கிடந்தது. ஜும்ஆத் தொழுகை நேரம்! கல்முனையில் பிறந்து வளர்ந்தவன், அன்றுதான் அதைக் கேள்விப்பட்டவன் போல வாயைப் பிளந்து நின்றேன். திரும்பிப் போய்த் தாதியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், இந்த மாப்பிள்ளைக்கு இதுவும் ஏலாது என்று ஆகிவிடுமே.

நான் மீன் வியாபாரி. சுணங்கினால் பழுதாகும் எதற்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பைக்கின் பின்னால் கட்டியிருந்த ரெஜிபோம் மீன் பெட்டியைத் திறந்து, குழாயை ஷொப்பிங் பையில் சுற்றி, அறக்குளா மீன்களுக்கு நடுவே ஐஸுக்குள் புதைத்தேன். மேலே இன்னும் இரண்டு பிடி ஐஸ் அள்ளிப் போட்டேன். (மாமனார் அல்லவா!) பிறகு பள்ளிவாசலுக்குப் போய் அவருக்காக உருகி உருகி துஆ கேட்டேன்.

ஒன்றரைக்கு லெப் திறந்தது. குழாயை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, குளிர் தெரியாமல் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக் கொடுத்தேன்.

"எத்தின மணிக்கு எடுத்த?" என்று கேட்டாள் லெப் பிள்ளை.

"இப்பதான், தங்கச்சி" என்றேன். தொழுதுவிட்டு வந்து சொன்ன முதல் பொய்.

ரிப்போர்ட்டுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும் என்றாள். பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனால், அரை மணியிலேயே முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரி வாட்டுக்கும் போன் பண்ணிவிட்டேன் என்றாள். என்ன வேகம் என்று மெச்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மாமாவின் நெஞ்செல்லாம் வயர். மாமி யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். என் மனைவி றிஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வாப்பாக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமாக் கூடியிருக்காம். நெஞ்சு நிண்டுரும் எண்டு சொல்றாங்க. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாங்க."

மாமா என் கையைப் பிடித்தார்.

"மருமகன், எனக்கு ஆம்பிளப் பிள்ள இல்ல. மகளையும் மாமியையும் உங்கட கையில தாறன். இதுதான் என்ட கடைசிச் சொல்லு, என்ட வசிய்யத்து."

டொக்டர் ஈசிஜி தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு. இரத்தத்த நேரா லெப்புக்குத்தானே கொண்டு போனீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. இல்லாத நோய்க்கு மனுஷனுக்கு மருந்து ஏற்றிவிட்டால்? மாமாவின் கை இன்னும் என் கைக்குள்தான் இருந்தது.

"இல்ல டொக்டர். ஜும்ஆ முடியும் மட்டும்... மீன் பெட்டியில... ஐஸில வெச்சிருந்தன்."

மாமியின் யாசீன் நின்றது.

"ஐஸில இரத்தம் பழுதாகித்தான் பொட்டாசியத்தக் கூட்டிக் காட்டியிருக்கு போல" என்றார் டொக்டர். அவர் சிரிக்கவில்லை. புதிதாக இரத்தம் எடுத்து வாட்டு ஊழியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். நான் நீட்டிய கையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒரு மணித்தியாலமும் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். யா அல்லாஹ், பிழை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று கேட்டேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் சரியாக இருந்தது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று குலுங்கி அழுதார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமாதான் கூப்பிட்டார். "மருமகன், நான் சொன்ன வசிய்யத்து அப்படியே இருக்கட்டும். மகள மட்டும் ஐஸில வெச்சிராதீங்க."

இப்போதும் மாதாமாதம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்ததும் மாமாவை லெப்புக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன். குழாயை அவரே பொத்திப் பிடித்துக்கொள்வார். பைக்கில் ஏறுமுன், வெறும் சீட்டைக் கண்ணால் கண்ட பிறகும் கேட்பார்:

"பெட்டியக் கழட்டிட்டீங்கதானே, மருமகன்?"